ஜப்பானிய மொழிக்கு ஒரு தமிழ் இலக்கண வழி

பாளையங்கோட்டையில் பிளஸ் ஒன் படிக்கும் என் அக்கா மகள் ஆறு மாதமாக ஜப்பானிய மொழி படிக்கிறாள். பள்ளியில் அப்படி ஒரு பாடம் கிடையாது, டியூஷனும் இல்லை. வீட்டுக்குப் பொதுவான ஒரு செல்போன், ஒரு நீள நோட்டு, ராத்திரி சாப்பிட்ட பிறகு முக்கால் மணி நேரம். அவ்வளவுதான் ஏற்பாடு. போன மாதம் நான் ஊருக்குப் போயிருந்தபோது நோட்டைக் கொண்டுவந்து முன்னால் போட்டாள்.

"மாமா, இங்கிலீஷ்ல விளக்கம் படிச்சா தலை சுத்துது. அதையே தமிழ்ல மாத்திப் பாத்தா டக்குனு உக்காந்துருது. நான் செய்றது சரிதான?"

சரிதான். ஆனால் எதுவரை சரி, எந்த இடத்தில் தமிழ் காலை வாரிவிடும் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

ஜப்பானியம் உலகத்திலேயே கடினமான மொழிகளில் ஒன்று என்று எங்கே பார்த்தாலும் எழுதியிருக்கிறது. அந்தப் பேச்சுக்கு ஆதாரமாகக் காட்டப்படுவது பெரும்பாலும் அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிறுவனம் போட்டுவைத்திருக்கும் ஒரு கணக்கு. வேலைக்குப் போதுமான அளவு ஸ்பானிஷ் கற்க 600 முதல் 750 வகுப்பு மணி. ஜப்பானியம், கொரியன், சீனம், அரபி என்றால் 2200 மணி. கணக்கில் தப்பில்லை. ஆனால் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களை வைத்துப் போட்ட கணக்கு அது. ஆங்கிலத்திலிருந்து ஜப்பானியம் எவ்வளவு தூரம் என்பதைத்தான் அது சொல்கிறது. மேலப்பாளையத்திலிருந்தும் கல்லிடைக்குறிச்சியிலிருந்தும் எவ்வளவு தூரம் என்பது அதில் இல்லை.

இந்த வாக்கியத்தைப் பாருங்கள்: "நெல்லை கர சென்னை மதெ தென்ஷ தெ இகிமாஸ்."

தமிழில் "நெல்லையிலிருந்து சென்னை வரை ரயிலில் போகிறேன்." கர என்றால் இருந்து, மதெ என்றால் வரை, தென்ஷ ரயில், தெ என்பது நம்முடைய இல், இகிமாஸ் போகிறேன். 'நான்' என்பதை நாம் விட்டுவிட்டது போலவே அவர்களும் விட்டுவிட்டார்கள். ஒரு சொல்லைக்கூட இடம் மாற்ற வேண்டாம். இதையே ஆங்கில விளக்கத்தோடு படிக்கும் பிள்ளை, தமிழில் நினைத்ததைத் தலைகீழாக்கி ஆங்கிலமாக்குகிறது, பிறகு அந்த ஆங்கிலத்தை மறுபடியும் தலைகீழாக்கி ஜப்பானியமாக்குகிறது. தென்காசிக்குப் போக வேண்டியவன் நாகர்கோவில் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த மாதிரி.

கர, மதெ, தெ போன்றவற்றை ஆங்கிலப் பாடநூல்கள் பக்கம் பக்கமாக விளக்குகின்றன. தமிழ்ப் பிள்ளைக்கு ஒரு வரி போதும். இவை வேற்றுமை உருபுகள், பெயருக்குப் பின்னால் ஒட்டும். ஒ என்றால் ஐ, நி என்றால் பெரும்பாலும் கு, நொ என்றால் உடைய. ஐ, ஆல், கு, இன், அது, கண் என்று நடுநிலைப் பள்ளியில் ஒப்பித்த பாடம் இருக்கிறதே, "இதெல்லாம் எதுக்கு சார்" என்று அன்று கேட்டிருப்போமே, அந்தப் பாடம் இங்கே வேலைக்கு ஆகிறது.

வினையெச்சத்துக்கு வந்தால் ஒற்றுமை இன்னும் கிட்டத்தில் வந்துவிடுகிறது. தபெரு என்றால் சாப்பிடு. தபெதெ என்றால் சாப்பிட்டு. மிரு என்றால் பார். தபெதெ மிரு? சாப்பிட்டுப் பார். 'ருசி தெரிய முயன்று பார்' என்ற அதே பொருளில்தான். ஷிமௌ என்ற துணைவினையைச் சேர்த்தால் சாப்பிட்டுவிடு. இரு சேர்த்தால் சாப்பிட்டுக்கொண்டிரு, அந்த இரு என்ற சொல்லுக்கும் இருத்தல் என்றே பொருள், ஒலிகூட அப்படியே. (இது தற்செயல். இதை வைத்துக் கொடி பிடிக்க வேண்டாம், காரணம் பின்னால் வருகிறது.) கைதெ ஒகு என்றால் எழுதி வை. மொத்தெ குரு என்றால் கொண்டு வா. பார், விடு, வை, இரு, வா என்ற துணைவினைகளை ஒரு ஆங்கிலேயருக்குப் புரியவைக்க எவ்வளவு பாடுபட வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். நமக்கு அது மூன்று வயதிலேயே வந்துவிட்டது.

வீட்டைவிட்டுக் கிளம்பும்போது ஜப்பானியர் சொல்வது "இத்தெகிமாஸ்". சொல்லுக்குச் சொல் "போய்விட்டு வருகிறேன்". நம்ம ஊரில் வாசல்படியில் நின்று "போறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு யாராவது தப்பிக்க முடியுமா? "போயிட்டு வாரேன்னு சொல்லுல" என்று ஆச்சி உள்ளேயிருந்து குரல் கொடுத்துவிடுவார்கள். ஆங்கிலப் புத்தகம் இந்த இத்தெகிமாஸுக்கு ஒரு முழுப் பத்தி பண்பாட்டு விளக்கம் எழுதும்.

பெயரெச்சமும் அப்படித்தான். கினோ கத்த ஹொன் என்றால் நேற்று வாங்கிய புத்தகம். "சிச்சி வ அஷித அமெ க ஃபுரு தொ இத்த" என்றால் "அப்பா நாளை மழை பெய்யும் என்று சொன்னார்". அந்த தொ இருக்கிறதே, அதுதான் நம்முடைய என்று. பெயருக்குப் பின்னால் வரும் மொ நம்முடைய உம்: வதஷி மொ, நானும். தரெ என்றால் யார், தரெக என்றால் யாரோ.

சுட்டெழுத்தில்தான் எனக்குப் பிடித்த இடம் வருகிறது. கொரெ, சொரெ, அரெ, தொரெ. என் பக்கத்தில் இருப்பது கொரெ, கேட்பவர் பக்கத்தில் இருப்பது சொரெ, இருவருக்கும் தள்ளி இருப்பது அரெ, தொரெ என்றால் எது. இது, அது, எது மூன்றும் மருமகளுக்கு உடனே பிடிபட்டுவிட்டன. சொரெதான் ஒட்டவில்லை. அதற்கும் தமிழில் இடம் உண்டு. அ, இ, உ என்று சுட்டெழுத்து மூன்று, அதில் உ இன்று வழக்கில் இல்லை என்று பாடநூலிலேயே இருக்கிறது. தமிழ்நாட்டில் போய்விட்ட அந்த உது யாழ்ப்பாணத்துப் பேச்சில் இன்றும் இருக்கிறது. "உது என்ன?" என்று எதிரே நிற்பவர் கையில் இருப்பதைக் காட்டிக் கேட்பார்கள். சொரெ அதுதான்.

இன்னொன்று. கொடுப்பதற்கு ஜப்பானியத்தில் இரண்டு வினைகள். எனக்குக் கொடுப்பது குரெரு, பிறருக்குக் கொடுப்பது அகெரு. மாற்றிப் போட்டால் பிழை. பழந்தமிழில் இதே வேறுபாடு இருந்தது. தருசொல் தன்மைக்கும் முன்னிலைக்கும், கொடைச்சொல் படர்க்கைக்கு என்று தொல்காப்பியம் விதி சொல்கிறது. எனக்குத் தா, அவனுக்குக் கொடு. மலையாளத்தில் இது இன்றும் கறாராக இருக்கிறது. செங்கோட்டையைத் தாண்டிப் போய் வருபவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

இத்தனை ஒற்றுமையைப் பார்த்ததும் கை பரபரக்கும். ஜப்பானியம் தமிழிலிருந்து பிறந்தது என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றிக்கொண்டேதான் இருக்கிறது. அதற்குப் பின்னால் ஒரு நிஜமான அறிஞர் இருக்கிறார். சுசுமு ஓனோ, 1919-ல் பிறந்து 2008-ல் மறைந்த ஜப்பானிய மொழியறிஞர். தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் உறவு உண்டு என்று பல ஆண்டுகள் உழைத்து எழுதினார். ஆனால் ஒப்பிலக்கண அறிஞர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. சொற்றொடர் அமைப்பு ஒத்துப்போவது மட்டும் இரத்த உறவுக்குச் சாட்சி ஆகாது. வினை கடைசியில், உருபு பின்னால் என்ற இந்த அமைப்பு கொரியனிலும் துருக்கியிலும் மங்கோலியத்திலும் இருக்கிறது.

இந்த ஆசையும் ஏமாற்றமும் நம் மாவட்டத்துக்குப் புதிது இல்லை. 1841-ல் இடையன்குடிக்கு வந்து அங்கேயே வாழ்ந்த கால்டுவெல், 1856-ல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில் தமிழ் முதலான மொழிகளுக்குத் தனிக் குடும்பம் உண்டு என்று நிறுவினார். அது நின்றுவிட்டது. அதே நூலில் அந்தக் குடும்பத்தைத் துருக்கி, பின்னிஷ், மங்கோலியம் அடங்கிய 'சித்திய' மொழிகளோடு உறவுபடுத்தவும் பார்த்தார். அது நிற்கவில்லை. தேரிக்காட்டு ஓரத்தில் உட்கார்ந்து அவர் கண்ட ஒற்றுமை பொய் அல்ல, அதிலிருந்து எடுத்த முடிவுதான் தவறு. படிக்கிற பிள்ளைக்கு உறவு தேவையில்லை, ஒற்றுமை போதும்.

எதன் வழியாகக் கற்கிறோம் என்ற சிக்கலை இந்தக் கடற்கரை 16-ஆம் நூற்றாண்டிலேயே பார்த்திருக்கிறது. 1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சேவியர், மந்திரங்களைத் தமிழில் பெயர்க்கச் சொல்லி மனப்பாடம் செய்து ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு போனார். சில ஆண்டுகள் கழித்து வந்த போர்த்துகீசியரான என்றிகே என்றிகஸ் புன்னைக்காயலில் தங்கி மொழியையே கற்றார். 1549 வாக்கில் தமிழுக்கு ஓர் இலக்கணமும் எழுதினார். 1578-ல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கம் அவர் மொழிபெயர்ப்பு. அவர் எழுதிய அந்த இலக்கணம் ஐரோப்பிய இலக்கண அச்சில் வார்த்தது. தமிழை அவர் தனக்குத் தெரிந்த சட்டத்துக்குள் வைத்துத்தான் பார்க்க முடிந்தது. இன்று நம் பிள்ளைகள் ஆங்கிலச் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு போய் ஜப்பானியத்தைப் பார்க்கிறார்கள். என்றிகஸுக்கு வேறு வழி இல்லை. நமக்கு இருக்கிறது.

ஜப்பானியத்துக்கு மட்டும்தான் இது என்று நினைக்க வேண்டாம். ராதாபுரம் பக்கம் கூடங்குளம் அணுமின் நிலையத்தால் ரஷ்யர்களைப் பார்ப்பது சகஜமாகிவிட்டது. 1988 ஒப்பந்தத்தில் தொடங்கிய திட்டம், முதல் உலை 2013-ல் மின்சாரம் கொடுத்தது. ரஷ்யன் நம் மொழி அமைப்பில் இல்லை, ஆனாலும் சில இடங்களில் ஆங்கிலத்தைவிடத் தமிழ் கிட்டத்தில் நிற்கிறது. எனக்குக் குளிருகிறது என்பதை அவர்களும் 'எனக்கு' என்றே தொடங்குகிறார்கள். என்னிடம் புத்தகம் இருக்கிறது என்பதும் அப்படியே. "அவர் என் அப்பா" என்பதில் நமக்கு வினை இல்லாதது போல அவர்களுக்கும் இல்லை.

சரி, இனி தமிழ் காலை வாரும் இடங்கள்.

முதலாவது எழுத்து. மருமகள் நோட்டில் முதல் பத்துப் பக்கம் ஜப்பானியச் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே எழுதி வைத்திருந்தாள். தங்கம் என்றால் கின். வெள்ளி என்றாலும் கின். காரணம், ஒன்று வல்லொலி, மற்றது மெல்லொலி. தமிழில் இரண்டுக்கும் ஒரே க. ஜப்பானியத்தில் அவை வேறு வேறு எழுத்து. ஆகவே தமிழ் எழுத்தில் எழுதிப் படிப்பதை முதல் வாரத்தோடு நிறுத்திவிட வேண்டும். (நானே வேறு வழியில்லாமல் இங்கே அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன் என்பதைக் கவனித்திருப்பீர்கள். இந்தக் கட்டுரையை வைத்து உச்சரிப்பு பழகாதீர்கள்.) ஜப்பானிய எழுத்து வகைகளில் ஹிரகானாவில் அடிப்படை எழுத்து 46, கதகானாவில் 46. இரண்டும் உயிர்மெய் போன்ற அசை எழுத்துகள். உயிர் வரிசை அ, இ, உ, எ, ஒ. நம் குறில் ஐந்து அதே வரிசையில். பௌத்தத் துறவிகள் வழியாக இந்திய ஒலியியல் அங்கே போன அடையாளம் அது. குறில் நெடில் வேறுபாடும் நமக்குக் கைவந்தது: கொகொ என்றால் இங்கே, கோகோ என்றால் மேல்நிலைப் பள்ளி. ஆங்கிலேயர் தடுக்கி விழும் இடம், நாம் கவனிக்காமலே தாண்டிவிடுகிறோம்.

இரண்டாவது, வினைமுற்று. வந்தான், வந்தாள், வந்தார், வந்தது எல்லாவற்றுக்கும் அங்கே கித ஒன்றுதான். வாக்கியம் முடிந்தும் முடியாத மாதிரி தமிழ்க் காதுக்குக் கேட்கும். யார் வந்தது என்பதை இடம் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். எழுவாயோடு வ போடுவதா, க போடுவதா என்ற குழப்பத்துக்கும் தமிழில் நேரான மருந்து இல்லை. அதை நிறைய வாசித்துத்தான் பழக வேண்டும்.

மூன்றாவது, மரியாதை. இது பண்பாட்டுப் பாடமும்கூட. திருநெல்வேலிப் பக்கம் "எங்க அப்பா வந்தாவ", "அண்ணாச்சி சொன்னாவ" என்று சொந்த வீட்டாரை மற்றவர்களிடம் மரியாதையாகவே சொல்வோம். அப்படிச் சொல்லாவிட்டால்தான் வளர்ப்பைக் குறை சொல்வார்கள். ஜப்பானில் நேர்மாறு. அப்பாவை நேரே கூப்பிடும்போது ஒதோசன். வெளியாரிடம் பேசும்போது வெறும் சிச்சி. தன் வீட்டாரையும் தன் அலுவலகத்தாரையும் வெளியார் முன் தாழ்த்திச் சொல்வதுதான் அங்கே மரியாதை. தமிழ்ப் பழக்கத்தில் அப்பாவுக்கு மரியாதை சேர்த்துப் பேசிவிட்டு, பண்பாகப் பேசியதாக நினைத்துக்கொண்டு நிற்போம்.

பண்பாடு என்று சொன்னதும் பெரும்பாலான காணொளிகள் செர்ரிப் பூ, அனிமே, கிமோனோ என்று சுற்றி வந்து நின்றுவிடுகின்றன. பள்ளிப் பிள்ளைக்கு அதைவிட நல்ல நுழைவாயில் அங்கே உள்ள பள்ளிதான். ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடியும் கல்வியாண்டு, தொடக்கப் பள்ளி 6 ஆண்டு, பிறகு 3, அப்புறம் 3. உள்ளே நுழைந்ததும் வெளிச்செருப்பைக் கழற்றிவிட்டு உள்காலணி. வகுப்பறையை மாணவர்களே முறைவைத்துக் கூட்டித் துடைக்கிறார்கள். இந்தக் கடைசிச் செய்தியை நம் ஊரில் பலரும் புல்லரித்துப் பகிர்கிறார்கள். நான் அவ்வளவு வேகமாகப் புல்லரிக்க மாட்டேன். நம் பள்ளிகளில் பிள்ளைகளைக் கூட்டச் சொன்னால் முதலில் எழ வேண்டிய கேள்வி, எந்தப் பிள்ளையை என்பது. முறை எல்லாருக்கும் சமமாக வருகிறதா, சில பெயர்களே திரும்பத் திரும்ப வருகிறதா? அதே கேள்வியை ஜப்பானிடமும் கேட்கலாம். தோல், இறைச்சித் தொழில்களைச் சொல்லி ஒதுக்கப்பட்ட புராகுமின் மக்கள் அங்கேயும் உண்டு. அந்தத் தாழ்நிலையைச் சட்டப்படி 1871-லேயே நீக்கியும் திருமணத்திலும் வேலையிலும் பாகுபாடு நெடுங்காலம் தொடர்ந்தது. சாதியை அறிந்த நெல்லைப் பிள்ளைக்கு இது சுற்றுலாக் கையேட்டில் கிடைக்காத ஜப்பான்.

பள்ளிக்கூடம் இதற்கு என்ன செய்யும்? அநேகமாக ஒன்றும் செய்யாது. தமிழ்நாட்டில் 1968 முதல் இருமொழிக் கொள்கை. அயல்மொழி என்று உள்ளே வருவது பெரும்பாலும் பிளஸ் டூவில் தமிழுக்குப் பதிலாக எடுக்கும் பிரெஞ்சுதான், அதுவும் மதிப்பெண்ணுக்காக. பாரிஸ் எங்கே இருக்கிறது என்பதில் அக்கறை இல்லாமலே நல்ல மதிப்பெண் வாங்கிவிடலாம். சிபிஎஸ்இ பாடப் பட்டியலில் ஜப்பானியம் இருக்கிறது, சொல்லித்தர ஆள் வேண்டுமே. ஆகவே இங்கே அரசுப் பள்ளியிலும் உதவி பெறும் பள்ளியிலும் படிக்கும் பிள்ளைக்கு இது தானாகப் படிக்கிற படிப்புதான். நான் மருமகளுக்குச் சொன்ன ஒரே யோசனை, பள்ளியில் ஜப்பானியம் தெரிந்தவரைத் தேடாதே, தமிழாசிரியரைப் பிடித்துக்கொள் என்பது. தபெதெ என்ன என்று அவருக்குத் தெரிய வேண்டாம். வினையெச்சம், துணைவினை, பெயரெச்சம் ஆகியவற்றை அவர் தெளிவாகச் சொல்லிவிட்டால் மீதியை இவள் பொருத்திக்கொள்வாள். பாடப்பொருளுக்குப் பஞ்சம் இல்லை. ஜப்பான் ஃபவுண்டேஷன் அடிப்படைப் பாடநூல்களையும் ஒலிப்பதிவுகளையும் இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது.

தேர்வு ஒன்று கையில் இருந்தால் படிப்பு ஒழுங்குக்கு வரும். ஜேஎல்பிடி என்ற ஜப்பானிய மொழித் திறன் தேர்வு 1984 முதல் நடக்கிறது. 2010 முதல் ஐந்து நிலைகள், என்5 தொடக்கம், என்1 உச்சம். என்5-க்கு மொத்தம் 180, தேற 80 போதும். ஆனால் கேட்டல் பகுதியில் 60-க்கு 19-ம், எழுத்து, சொல், இலக்கணம், வாசிப்பு சேர்ந்த பகுதியில் 120-க்கு 38-ம் தனித்தனியாக எடுத்தாக வேண்டும். செல்போனில் எழுத்தை மட்டும் பார்த்துப் படித்தவர்கள் கேட்டலில் மாட்டிக்கொள்வார்கள். எல்லாம் விடையைத் தேர்ந்து வட்டம் நிரப்பும் கேள்விகள். பேச்சும் கிடையாது, கையால் எழுதுவதும் கிடையாது. அதனால் சான்றிதழ் வாங்கியும் வாய் திறக்காதவர்கள் நிறையப் பேர்.

தேர்வு ஜூலை, டிசம்பர் மாதங்களின் முதல் ஞாயிற்றுக்கிழமை. சென்னையில் ஒரு மையம் இருக்கிறது. சனிக்கிழமை ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறி, ஞாயிறு எழுதி, அன்று ராத்திரியே திரும்ப வேண்டியதுதான். டிசம்பர் என்றால் அரையாண்டுத் தேர்வு தலைக்கு மேல் நிற்கும். மே மாத விடுமுறையில் படித்துவிட்டு ஜூலையில் எழுதுவது பள்ளிப் பிள்ளைகளுக்குத் தோது. கூடவே ஒரு எச்சரிக்கை. என்5 முடித்தால் ஜப்பானில் வேலை என்று சுவரொட்டியில் பார்த்தால் நம்ப வேண்டாம். 2019-ல் ஜப்பான் கொண்டுவந்த குறிப்பிட்ட திறன் தொழிலாளர் விசாவுக்கு வழக்கமாகக் கேட்கும் மொழித் தகுதி என்4 அல்லது அதற்கு இணையான தேர்வு, அதோடு தொழில் திறன் தேர்வும் உண்டு, வயதும் 18 ஆகியிருக்க வேண்டும்.

கஞ்சி மிச்சம் இருக்கிறது. குடிக்கிற கஞ்சி இல்லை, சீனத்திலிருந்து ஜப்பானியர் எடுத்துக்கொண்ட சித்திர எழுத்து. இந்த இடத்தில் தமிழ் இலக்கணமும் கைவிரித்துவிடும், ஆங்கிலமும் கைவிரித்துவிடும். அன்றாடப் பயன்பாட்டுக்கென்று ஜப்பான் அரசு வகுத்த பட்டியலில் 2136 எழுத்துகள். அங்கே தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளே ஆறு ஆண்டில் 1026 கற்கிறார்கள். மருமகள் அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறாள். தினமும் கிழிக்கும் சிவகாசி காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஒரு எழுத்து, கோடு போடும் வரிசை எண்ணோடு. ராசி பலன் ஒரு பக்கம், மலை, ஆறு, மரம் மறுபக்கம். நாளுக்கு ஒன்று என்றால் 2136-க்குக் கிட்டத்தட்ட ஆறு வருடம் ஆகும் என்று கணக்குப் போட்டுச் சொன்னேன். அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவளுக்கு வேறு கவலை. எழுதி வைத்த தாள்களை அவ்வப்போது அக்கா மளிகைச் சிட்டை எழுத எடுத்துக்கொண்டு போய்விடுகிறாள். போன வாரம் 'நெருப்பு' அண்ணாச்சி கடைக்குப் போய்விட்டதாம்.